சுழற்சி முறைத் தலைமை உங்கள் நாட்டுக்கு வந்தால்: செலவைக் கைக்குள் வைத்திருக்க ஒரு வழிகாட்டி

ஜி20, ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு), ஆசியான், ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் என்று பல அமைப்புகளில் தலைமைப் பொறுப்பு ஒரே நாட்டிடம் தங்குவதில்லை, முறை வைத்துச் சுற்றி வருகிறது. முதல் மூன்றில் ஓராண்டு, கடைசியில் ஆறு மாதம். முறை வந்த நாடு கூட்டங்களை நடத்த வேண்டும், மண்டபம், வண்டி, பாதுகாப்பு, விருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், பெரும்பாலான பணமும் அந்த நாட்டுக் கஜானாவிலிருந்துதான் போக வேண்டும். ஜி20க்கு நிரந்தரச் செயலகம்கூடக் கிடையாது, அதனால் அங்கே சுமை முழுக்க நடத்துகிற நாட்டின் தலையில்.

இதற்கென்று ஒரு தற்காலிகச் செயலகம் போடுவார்கள். பல துறைகளிலிருந்து ஆட்களை அனுப்புவார்கள், அவர்களில் பலர் இந்த மாதிரி வேலையை முதல்முறையாகப் பார்ப்பவர்களாக இருப்பார்கள். அப்படிக் கணக்குப் பிரிவிலோ ஏற்பாட்டுப் பிரிவிலோ புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ‘உங்கள் ஊரில் இரண்டு கூட்டம்’ என்று மத்திய அரசிடமிருந்து கடிதம் வந்த மாநில அதிகாரிக்கும் இது உதவும். இந்தியாவின் 2023 ஜி20தான் முக்கிய உதாரணம், தேவைப்படும் இடத்தில் மற்ற நாடுகளையும் இழுக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்தில் வெள்ளித்தட்டு வைத்தார்களா என்பதைத்தான் ஊர் பேசும், ஆனால் அரசுப் பணம் பெரிய அளவில் கரைவது தாமதமாக எடுத்த முடிவுகளில்தான். ஆறு மாதம் முன்னால் முடிவு செய்திருந்தால் நாலு பேரிடம் விலை கேட்டிருக்கலாம், ஆறு நாள் முன்னால் முடிவு செய்தால் யார் இருக்கிறாரோ அவர் சொன்ன விலை. கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

முதல் படி: மூன்று தனித்தனிக் கணக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைச் செய்யுங்கள். கூட்டம் நடத்தும் செலவு ஒரு கணக்கு, பாதுகாப்பு இன்னொன்று, கூட்டம் முடிந்த பிறகும் நிற்கப்போகும் கட்டடம், சாலை, மின்விளக்கு போன்ற சொத்துகள் மூன்றாவது. இந்த மூன்றும் கலந்துவிட்டால் ‘மொத்தம் எவ்வளவு ஆச்சு?’ என்ற கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

டெல்லி உச்சிமாநாடு முடிந்ததும் நடந்ததைப் பாருங்கள். 2023-24 பட்ஜெட்டில் ஜி20க்கு ஒதுக்கியது 990 கோடி ரூபாய், செலவானதோ 4,100 கோடிக்கும் மேல், இது பல மடங்கு என்றார்கள் எதிர்க்கட்சியினர். அந்தத் தொகையில் பெரும்பகுதி இந்திய வர்த்தக மேம்பாட்டு அமைப்பு உருவாக்கிய நிரந்தரச் சொத்துகளுக்கானது, அதை இந்த ஒரு மாநாட்டின் செலவாக எழுதக்கூடாது என்றது அரசுத் தரப்பு. மாநாடு நடந்த பாரத் மண்டபம் இருக்கும் பிரகதி மைதான வளாகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2017 தொடக்கத்திலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது, இந்தியா ஜி20 நடத்தப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததோ 2018 கடைசியில். ஆக, அரசு சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எந்தச் சொத்து முன்பே திட்டமிட்டது, எது மாநாட்டுக்காக அவசரப்படுத்தியது, எது மாநாட்டுக்காகவே முளைத்தது என்று மாநாட்டுக்கு முன்பே ஒரு பக்கத்தில் போட்டு வெளியிட்டிருந்தால் அந்தச் சண்டை அவ்வளவு தூரம் போயிருக்காது. கேள்வி வந்த பிறகு பிரித்துக்காட்டுகிற கணக்கை யாரும் முழுதாக நம்புவதில்லை.

கனடாவில் இதைவிட மோசம். 2010இல் அங்கே எட்டு நாடுகளின் ஜி8, பிறகு ஜி20 இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. ஜி8 நடந்த பகுதியில் பூங்கா, கழிப்பறை, ஊர் அழகுபடுத்தல் என்று சுமார் 5 கோடி கனடா டாலர் செலவழித்தார்கள், நாடாளுமன்றத்தில் அந்தப் பணத்துக்கு ஒப்புதல் கேட்டதோ எல்லைப்பகுதி உள்கட்டமைப்பு நிதி என்ற தலைப்பின் கீழ். அடுத்த ஆண்டு தலைமைத் தணிக்கையர் அதைக் கடுமையாகக் குறை சொன்னார். பணம் என்ன வேலைக்கோ அந்தப் பெயரிலேயே கணக்குத் தலைப்பு இருக்கட்டும். வேறு தலைப்பில் மிச்சப் பணம் கிடக்கிறது, அதில் ஏற்றிவிடலாம் என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

யார் எதற்குப் பணம் கட்டுவது

இதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாத் தூதரகங்களுக்கும் முதல் கடிதத்தோடு அனுப்பிவிட வேண்டும். பொதுவான வழக்கம் இதுதான்: விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் வருகிறவர் செலவு, கூட்ட அரங்கு, உள்ளூர் வண்டி, கூட்ட நாட்களின் சாப்பாடு, கலைநிகழ்ச்சி எல்லாம் நடத்துகிறவர் செலவு. தலைவர்களும் அமைச்சர்களும் வரும்போது அவருக்கும் கூட வரும் சிலருக்கும் அறையை நடத்தும் நாடே கொடுப்பது உண்டு. அந்தச் ‘சிலர்’ எத்தனை பேர் என்பதை எண்ணில் எழுதாவிட்டால் அது நாளுக்கு நாள் வளரும்.

அழைப்பாளர் பட்டியலும் செலவுதான். இந்தியா தன் முறையில் பங்களாதேஷ், எகிப்து, மொரீஷியஸ், நெதர்லாந்து, நைஜீரியா, ஓமன், சிங்கப்பூர், ஸ்பெயின், ஐக்கிய அரபு அமீரகம் என்று ஒன்பது நாடுகளைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. சர்வதேச அமைப்புகள் தனி. அழைப்பது அரசியல் முடிவு, அதில் நமக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு நாடு கூடினால் எத்தனை அறை, எத்தனை வண்டி, எத்தனை போலீஸ்காரர் கூடும் என்ற தாள் முடிவெடுப்பவர் மேசையில் அந்த நேரத்தில் இருக்க வேண்டும், அதை வைப்பது உங்கள் வேலை.

காலண்டரும் நிதியாண்டும்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. ஜி20 தலைமை டிசம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை. இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச். ஒரே தலைமைக் காலம் இரண்டு பட்ஜெட்டில் விழுகிறது: 2022 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை ஒன்றில், மிச்சம் அடுத்ததில். மார்ச் 31க்குள் செலவாகாத பணம் காலாவதி. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் ‘எப்படியாவது பில் போட்டு முடி’ என்ற நெருக்கடி வரும், அப்புறம் ஏப்ரலில் புதிய ஒதுக்கீடு கைக்கு வரும்வரை கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், பணம் கொடுக்க முடியாது.

இதற்கு வழி, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எழுதும்போதே எந்தத் தவணை எந்த நிதியாண்டில் விழும் என்று பிரித்துவிடுவது. வேலை முடியாமல் மார்ச்சில் முன்பணமாகக் கொட்டிக்கொடுக்காதீர்கள், தணிக்கையில் முதலில் பிடிபடுவது அதுதான். பணம் போதாது என்று தெரிந்த அன்றே துணை மானியக் கோரிக்கைக்கான (கூடுதல் பணத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கேட்பதற்கான) குறிப்பை எழுதத் தொடங்குங்கள், அது நாடாளுமன்றக் கூட்டத்தொடர் வரும்போதுதான் போகும், உங்கள் அவசரத்துக்கு வராது.

முறை மாறிவிடவும் கூடும். 2022 இந்தியாவின் முறை, இந்தோனேசியாவோடு மாற்றிக்கொண்டதில் ஓராண்டு தள்ளிப்போனது. எஸ்டோனியாவுக்கோ நேரெதிர்: பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு பிரிட்டன் தன் முறையை விட்டுக்கொடுத்ததால், 2018 தொடக்கத்தில் வரவேண்டிய ஐரோப்பியத் தலைமை 2017 ஜூலையிலேயே வந்து நின்றது. ஆறு மாதத் தயாரிப்பு நேரம் ஒரேயடியாகப் போய்விட்டது. எனவே ஒப்பந்தங்களில் தேதி மாற்றத்துக்கு ஒரு பிரிவு எப்போதும் இருக்க வேண்டும்.

எத்தனை கூட்டம், எத்தனை ஊர்

மொத்தச் செலவைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி இதுதான், பெரும்பாலும் கணக்குப் பிரிவைக் கேட்காமலே முடிவாகிவிடும்.

இந்தியா 60 நகரங்களில் 200க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்தியது. சென்னையில் மட்டும் ஜனவரி கடைசியில் கல்வி தொடர்பான கருத்தரங்கு, மார்ச்சில் நிதித்துறைப் பணிக்குழு ஒன்று, ஜூலையில் பேரிடர் அபாயக் குறைப்புப் பணிக்குழு, சுற்றுச்சூழல் அமைச்சர்கள் கூட்டம். மாமல்லபுரத்தில் ஜூனில் ஜி20இன் பெண்கள் குழுவான மகளிர் 20இன் மாநாடு. நாடு முழுக்கக் கொண்டுபோவதில் நியாயம் உண்டு, சின்ன ஊர்களுக்கு வெளிச்சம் கிடைக்கும், உள்ளூர்க் கைவினைஞர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அதே மேடை, அதே பெயர்ப்பலகை, மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்து பேசும் அதே கூண்டு, அதே இணைய வசதியைப் புதிதாக நிறுத்த வேண்டும், பாதுகாப்பு ஒத்திகையைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத் தலைமை வகித்த நாடுகளில் பின்லாந்து 2019இல் இதற்கு நேர்மாறாகப் போனது. தன் நாட்டில் நடந்த அமைச்சர் கூட்டங்களை எல்லாம் ஹெல்சிங்கியில் பின்லாந்தியா அரங்கம் என்ற ஒரே இடத்தில் வைத்தது, விருந்தினர்களுக்கு நினைவுப்பரிசே கிடையாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை விமானப் பயணக் கரியமில உமிழ்வை ஈடுகட்டக் கொடுத்தது. அயர்லாந்து 2013இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவித் திட்டத்தில் இருந்தபடியே தலைமை வகித்தது, பெரும்பாலான கூட்டங்களை அரசுக்குச் சொந்தமான டப்ளின் கோட்டையிலேயே முடித்துக்கொண்டது. டென்மார்க் 2012இல் பாட்டில் தண்ணீரை விட்டுக் குழாய்த் தண்ணீரை வைத்தது. யாரும் அந்த நாடுகளை மதிப்புக் குறைவாகப் பார்க்கவில்லை.

நடுவழியாக நான் சொல்வது: ஊர்களின் எண்ணிக்கையை அரசியல் தலைமை முடிவு செய்யட்டும், ஆனால் ஒரு ஊருக்குப் போனால் அங்கே இரண்டு மூன்று கூட்டங்களை அடுத்தடுத்து வையுங்கள். மேடையைக் கழற்றுவதற்கு முன் அடுத்த குழு வந்துவிட வேண்டும். சென்னையில் ஜூலை 24 முதல் 26 வரை பேரிடர் குழு, 28 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர்கள் என்று ஒரே வாரத்தில் வந்தது நல்ல முன்மாதிரி. அப்புறம், காணொலியில் முடிக்கக்கூடியதைக் காணொலியில் முடியுங்கள். அதே 2023இல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் தலைமையும் இந்தியாவிடம்தான் இருந்தது. அதன் உச்சிமாநாடு ஜூலை 4 அன்று முழுக்கக் காணொலியில் நடந்தது, நவம்பர் 22 அன்று ஜி20 தலைவர்களின் கூட்டமும் ஒன்று அப்படியே.

தலை எண்ணிக்கை

கல்யாண வீட்டில் சமையல்காரர் முதலில் கேட்பது ‘எத்தனை இலை?’ என்றுதான், இங்கேயும் அந்த எண்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும். 120 பேர் வருவதாகத் தூதரகங்கள் சொல்லும், பதிவு செய்பவர் 95, வந்து இறங்குபவர் 80 என்று ஆவது இந்த வேலையில் சகஜம். நீங்கள் 120க்கு அறை பிடித்து, 120க்குச் சாப்பாடு சொல்லி, அதற்கேற்ற வண்டி நிறுத்தியிருப்பீர்கள்.

ஓட்டல் ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் பாருங்கள். பிடித்த அறைகளில் எத்தனை சதவீதத்தை எந்தத் தேதிவரை அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்; பிரதிநிதியே பணம் கட்டும் அறையில் அவர் வராவிட்டால் யார் பொறுப்பு; வரி உட்பட்ட விலையா, வரி தனியா. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, நிகழ்ச்சி மேலாண்மைச் சேவைக்கும் 18 சதவீதம். மதிப்பீட்டில் வரியைச் சேர்க்க மறந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஓட்டை விழுகிறது, அதைக் கடைசி மாதத்தில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

பதிவுக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள், அதைக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் வையுங்கள், தேதி முடிந்ததும் வராத எண்ணை வைத்து அறைகளைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு வருகிற இரண்டு பேருக்கு அறை தேடுவது கஷ்டம்தான், ஆனால் நாற்பது காலி அறைக்கு வாடகை கட்டுவதைவிட அது தேவலை.

மொழிபெயர்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் இதை ஒரு மொழிக்கு ஓர் ஆள் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உடனடி மொழிபெயர்ப்பில் ஒருவரால் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது, மாற்றி மாற்றி உட்கார வேண்டும். ஒரு கூண்டுக்குக் குறைந்தது இருவர், நீண்ட நாளானால் மூவர். எனவே ஒவ்வொரு பணிக்குழுவுக்கும் எத்தனை மொழி உண்மையிலேயே தேவை என்று முன்கூட்டியே கேளுங்கள். அதிகாரிகள் மட்டத்துக் கூட்டங்கள் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும்.

டெண்டர்

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி ஒப்பந்தப்புள்ளி தர வழக்கமாகக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். அதோடு தொழில்நுட்ப மதிப்பீடு, விலை மதிப்பீடு, ஒப்புதல், உத்தரவு எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று மாதம் சாதாரணமாக ஓடிவிடும். கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், இன்றே தாமதமாகிவிட்டது என்று தெரியும்.

தாமதமானதும் என்ன நடக்கும்? ‘அவசரம், ஒரே ஆளிடம் வாங்கலாம்’ என்ற கோப்பு எழும். விதியில் அதற்கு இடம் உண்டு, ஆனால் அது உண்மையான அவசரத்துக்கு. உங்கள் நாட்டின் முறை வரும் என்று பல ஆண்டு முன்பே தெரிந்த ஒரு நிகழ்ச்சியை அவசரம் என்று எழுதினால் தணிக்கையர் எப்படி ஒத்துக்கொள்வார்? இதற்கு நல்ல மருந்து, விலைப்பட்டியல் ஒப்பந்தம். நாற்காலி ஒரு நாளைக்கு இவ்வளவு, எல்இடி திரை சதுர அடிக்கு இவ்வளவு, கார் பத்து மணி நேரத்துக்கு இவ்வளவு, கூடுதல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தலைமைக் காலம் முழுவதற்கும் ஒருமுறை டெண்டர் விட்டு விலையை நிலைநிறுத்திவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். ‘மொத்த ஏற்பாடும் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே வரியில் வரும் விலையை ஏற்காதீர்கள், அதற்குள் என்ன இருக்கிறது என்று பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

வாங்குவதா, வாடகையா

பப்புவா நியூ கினி 2018இல் ஏபெக் நடத்தியது. தலைவர்களுக்காக 40 மசராட்டி கார்களை வாங்கினார்கள். மாநாடு முடிந்ததும் உடனே விற்றுவிடுவோம் என்றது அரசு. மூன்று ஆண்டு கழித்தும் பெரும்பாலானவை விற்காமல் கிடந்தன, தள்ளுபடியில் விற்பதாக அறிவிக்க வேண்டியிருந்தது. மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் பணம் பற்றாத நாட்டில் அந்தக் கார்கள் நின்ற காட்சி மக்களை எவ்வளவு கோபப்படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே நாடு இன்னொன்றைச் சரியாகச் செய்தது: போர்ட் மோர்ஸ்பியில் ஓட்டல் அறைகள் போதாது என்றதும் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்களை நிறுத்தி அதில் பிரதிநிதிகளைத் தங்கவைத்தார்கள். வேலை முடிந்ததும் கப்பல் போய்விட்டது, பராமரிப்புச் செலவு எதுவும் மிஞ்சவில்லை.

அதனால் எதையாவது வாங்கும் முன் ஒரு கேள்வி: கூட்டம் முடிந்த மறுநாள் இது எந்த அலுவலகத்துக்குப் போகும்? அந்த அலுவலகம் ‘எடுத்துக்கொள்கிறோம்’ என்று எழுத்தில் தந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வாடகைதான். பிரான்ஸ் 2008இல் தன் ஐரோப்பியத் தலைமைக் காலத்தில் பாரிஸின் கிராண்ட் பலேயில் நடத்திய உச்சிமாநாட்டுக்காக அதிபருக்கென்று 2,45,000 யூரோ செலவில் ஒரு குளியலறையை அமைத்தது தணிக்கை மன்ற அறிக்கையில் வெளியாகி நாடே பேசியது. ஆறு மாதத் தலைமைக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 17 கோடி யூரோ, ஆனால் மக்கள் நினைவில் நின்றது குளியலறை மட்டும்தான்.

வாங்கியவை எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும், பூந்தொட்டி உட்பட. குருகிராமில் ஜி20க்காகச் சாலையோரம் வைத்த தொட்டிகளை ஒருவர் விலையுயர்ந்த காரில் வந்து ஏற்றிக்கொண்டு போன வீடியோ நாடெங்கும் ஓடியது. எண் போட்ட பட்டியல் இல்லாவிட்டால் எத்தனை போனது என்றே சொல்ல முடியாது.

ரத்தானால்?

சிலே 2019 நவம்பரில் ஏபெக் நடத்த வேண்டும். நாட்டில் போராட்டம் வெடித்ததால் அக்டோபர் 30 அன்று, சுமார் இரண்டு வாரமே இருக்கும்போது, ரத்து செய்துவிட்டது. இத்தாலி 2009இல் ஜி8ஐ லா மடலேனா தீவில் நடத்தப் பெரும் பணம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தது, ஏப்ரலில் லாக்விலாவில் நிலநடுக்கம் வந்ததும் மாநாடு அந்த ஊருக்கே மாறிவிட்டது, தீவில் கட்டியவை பயனில்லாமல் பாழடைந்தன. எனவே ஒவ்வொரு பெரிய ஒப்பந்தத்திலும் 60 நாள், 30 நாள், 7 நாள் முன்பு ரத்தானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படிப்படியாக எழுதிவிடுங்கள். இந்தப் பிரிவை ஒப்பந்தக்காரர்கள் விரும்பமாட்டார்கள், பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஸ்பான்சர்

கார் நிறுவனம் இலவசமாக வண்டி தருகிறேன் என்று வரும், குளிர்பான நிறுவனம் பானம் தருகிறேன் என்று வரும். ருமேனியா 2019இல் ஐரோப்பியத் தலைமை வகித்தபோது கோகோ கோலாவை ஸ்பான்சராக வைத்துப் பெரிய விமர்சனம் வாங்கியது, ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் இதற்கு வழிகாட்டுதல் வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் போனது. என் கருத்து தெளிவானது: அந்த ஆண்டு நீங்கள் பேசப்போகும் கொள்கைகளால் லாப நட்டம் அடையும் நிறுவனத்திடம் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வாங்காதீர்கள். மிச்சமாகும் தொகை சிறியது, போகிற பேர் பெரியது.

கணக்கை மூடுவது

கடைசிக் கூட்டம் முடிந்த மறுநாளே ஆட்களைத் தாய்த்துறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம்தான் பில்கள் வந்து குவியும். ‘இந்த வண்டி அன்றைக்கு வந்ததா?’ என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. எனவே கணக்குப் பிரிவில் குறைந்தது சிலரையாவது மூன்று நான்கு மாதம் தக்கவைக்க வேண்டும் என்பதை ஆரம்ப உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்த அன்று இரவே, ஓட்டலை விட்டுக் கிளம்பும் முன், வண்டி ஓடிய நேரத்தையும் கிலோமீட்டரையும் எழுதும் லாக் ஷீட்டிலும் சாப்பாட்டு எண்ணிக்கைத் தாளிலும் உங்கள் ஆளும் ஒப்பந்தக்காரரின் ஆளும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதைச் செய்தால் பாதி தகராறு வராது.

மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் அனுப்பிய பணத்துக்கு, அது சொன்ன வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழை நச்சரித்து வாங்குங்கள். திருப்பித் தரவேண்டிய வைப்புத்தொகைகளை விடுவியுங்கள், சின்ன ஒப்பந்தக்காரர்கள் அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வேலை எடுப்பார்கள். பொருட்கள் எங்கே போயின என்ற பட்டியலோடு ஏலக் கணக்கையும் சேருங்கள். பிறகு முதல் வாரத்தில் திறந்த மூன்று கணக்குகளையும் மூன்று தனி எண்களாக, மதிப்பீடு ஒரு நெடுவரிசையில், உண்மைச் செலவு அடுத்த நெடுவரிசையில் என்று போட்டு, யாரும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடும் முன்பே அமைச்சகத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள்.